செயலி உங்கள் கைபேசியில் இருக்கட்டும்
பள்ளி செல்லும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

பிள்ளையின் எடை வயதுக்கு மீறிப் போகிறது என்று மருத்துவரோ பள்ளி மருத்துவ முகாமோ சொல்லிவிட்டால், இன்று பலர் முதலில் எடுப்பது கைபேசியைத்தான். தேடிப் பார்த்தால் செயலிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. உயரத்தையும் எடையையும் கொடுத்தால் பிஎம்ஐ (உடல் நிறைக் குறியீடு) சொல்லும் செயலி, சாப்பிட்டதைப் பதிந்தால் கலோரிக் கணக்குத் தரும் செயலி, நடந்த அடிகளை எண்ணும் செயலி, பொம்மைப் படங்களோடு பிள்ளைக்குப் பரிசுப் புள்ளி தரும் செயலி என்று பல வகை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் நாம், அதை யார் கையில் கொடுப்பது என்று யோசிப்பதில்லை. அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்று சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் எடைக்காக ஒரு செயலி வைத்துக்கொள்வதென்றால், அது பெற்றோரின் கைபேசியில், பெற்றோரின் பழக்கங்களைத் திருத்தும் செயலியாக இருக்க வேண்டும். பிள்ளை தன் தட்டையும் தன் உடலையும் தானே எண்ணி எண்ணிக் குறிக்கும் செயலி வேண்டாம். இது வெறும் கருத்து அல்ல. இதற்குப் பின்னால் முப்பது ஆண்டு ஆய்வுகள் இருக்கின்றன.

முதலில், கவலைப்பட வேண்டிய அளவுக்கு நிலைமை இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். 2024-இல் 'லான்செட்' இதழில் வெளியான உலகளாவிய கணக்கீட்டின்படி, இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமனோடு இருப்பவர்கள் 1990-இல் சுமார் 4 லட்சம் பேர்; 2022-இல் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். 2025 செப்டம்பரில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலக அளவில் இந்த வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்களின் விகிதம் முதல் முறையாகக் கூடிவிட்டது என்கிறது. நம் ஊர்க் கணக்கும் உண்டு. சென்னையில் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரையிலான 18,955 மாணவர்களை அளந்து பார்த்த 'ஆரஞ்சு' ஆய்வு 2014-இல் வெளியானது. பன்னாட்டு அளவுகோலின்படி தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதப் பிள்ளைகள் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள்; அரசுப் பள்ளிகளில் அது 3.6 சதவீதம். ஒரே ஊர், ஒரே வெயில், ஏறக்குறைய ஒரே பரம்பரை. வேறுபட்டது கையில் புழங்கும் காசும், அந்தக் காசு வீட்டுக்குள் கொண்டுவரும் பொருள்களும், ஓடியாடும் நேரமும்தான். இவை எதையும் எட்டு வயதுப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. நாம்தான் தீர்மானிக்கிறோம்.

பிரச்சினை நம் கண்ணில் படுவதே இல்லை என்பது இன்னொரு சிக்கல். அதிக எடையுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் தங்கள் பிள்ளையின் எடையைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2014-இல் சொன்னது. கொழுகொழுவென்று இருப்பதே ஆரோக்கியம், பூசினாற்போல் இருந்தால்தான் பிள்ளைக்கு அழகு, வளர வளர வற்றிவிடும் என்று தாத்தா பாட்டி முதல் அக்கம்பக்கம் வரை சொல்லிக்கொண்டிருக்கும் நம் வீடுகளில் இது இன்னும் எளிதாக நடக்கும். இந்த இடத்தில் ஒரு நல்ல செயலி உண்மையிலேயே உதவும். ஆனால் அது குழந்தைக்கான கணக்கைப் போடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பிஎம்ஐ வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மாறுவது. பெரியவர்களுக்கான கணிப்பானில் 20 என்ற எண்ணைப் போட்டால் சரியான எடை என்று பச்சை காட்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதே 20 உடல் பருமனின் எல்லையைத் தாண்டிய எண். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் நம் பிள்ளைகளுக்கென்றே வளர்ச்சி வரைபடங்களைத் திருத்தி வெளியிட்டிருக்கிறது. அவற்றில் அதிக எடைக்கும் உடல் பருமனுக்கும் உரிய கோடுகள், வளர்ந்தபின் 23, 27 என்ற பிஎம்ஐ அளவுகளுக்கு இணையாக வரையப்பட்டவை. அந்த வரைபடத்தைப் பயன்படுத்தாத செயலி சொல்லும் 'சரி'யை நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

பெற்றோர்தான் மாற வேண்டும் என்று எதை வைத்துச் சொல்கிறேன்? செயலிகள் வருவதற்கு வெகு முன்பே இஸ்ரேலில் மோரியா கோலான் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். உடல் பருமனுள்ள, 6 முதல் 11 வயது வரையிலான 60 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கே உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் கற்பித்தார்கள். இன்னொரு பிரிவில் பிள்ளைகளை வரவழைக்கவே இல்லை. பெற்றோரை மட்டும் அழைத்து, எதை வாங்குவது, எப்படிப் பரிமாறுவது, வீட்டில் எதைக் கண்ணில் படும்படி வைப்பது என்று பேசினார்கள். 1998-இல் வெளியான முடிவுகளில் பெற்றோர் பிரிவே முந்தியது. ஏழு ஆண்டுகள் கழித்துத் திரும்ப அளந்தபோதும் அதே நிலை: அளவுக்கு மீறிய எடை, பெற்றோரை மட்டும் அழைத்த பிரிவில் சராசரியாக 29 சதவீதமும், பிள்ளைகளை அழைத்த பிரிவில் 20.2 சதவீதமும் குறைந்திருந்தது. அறுபது பேர் சிறிய எண்ணிக்கைதானே என்று கேட்கலாம். அமெரிக்காவின் சான் டியேகோவில் 8 முதல் 12 வயது வரையிலான 150 பிள்ளைகளின் குடும்பங்களைக் கொண்டு நடந்த சோதனை 2017-இல் வெளியானது. பெற்றோரை மட்டும் சந்தித்துத் தந்த பயிற்சி, பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்துத் தந்த பயிற்சிக்கு எவ்விதத்திலும் குறையவில்லை என்பதே அதன் முடிவு. பிள்ளை அந்த அறைக்குள் வராமலேயே பிள்ளையின் எடை மாறுகிறது என்றால், மாற்றத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளையின் கையில் எடைக் கணக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் 2,823 குடும்பங்களின் தரவுகளைக் கொண்டு எரிக் ராபின்சன், ஆஞ்சலினா சுட்டின் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு யோசிக்க வைப்பது. 4, 5 வயதில் 'என் பிள்ளை அதிக எடை' என்று பெற்றோர் கருதிய பிள்ளைகள், 12, 13 வயதுக்குள் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக எடை போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை தொடக்கத்தில் உண்மையிலேயே அதிக எடையில் இருந்ததா இல்லையா என்பது இதில் வேறுபாட்டை உண்டாக்கவில்லை. பிள்ளை தன்னைத் தானே குண்டு என்று நினைக்கத் தொடங்குவதும், எடை குறைக்க முயல்வதும் இதற்கு ஓரளவு காரணம் என்று அவர்களே அடுத்த ஆண்டு காட்டினார்கள். இப்படிப்பட்ட தொடர் கண்காணிப்பு ஆய்வால் காரண காரியத்தை முழுமையாக நிறுவ முடியாது என்பது உண்மை. ஆனாலும் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2016-இல் மருத்துவர்களுக்குத் தந்த அறிவுரையும் இதே திசையில்தான் இருக்கிறது: வளரிளம் பருவத்துப் பிள்ளைகளிடம் எடையைப் பற்றிப் பேசுவதையும் எடை குறைக்கும் உணவுக் கட்டுப்பாடுகளையும் தவிர்க்கச் சொல்லுங்கள், குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவதை ஊக்குவியுங்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. தெரிந்துகொள்ளுங்கள், தெரிந்ததை வைத்து வீட்டை மாற்றுங்கள், பிள்ளையின் மேல் அதை முத்திரையாகக் குத்தாதீர்கள்.

இந்த எச்சரிக்கையை மதிக்காத ஒரு செயலியின் கதை ஊரறிந்தது. எடைக் குறைப்புத் தொழிலில் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான டபிள்யூடபிள்யூ, 2019 ஆகஸ்டில் 'குர்போ' என்ற செயலியை 8 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று வெளியிட்டது. சாப்பிடும் ஒவ்வொன்றையும் பிள்ளையே பதிய வேண்டியிருந்தது. அது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டியது. இந்த நிறமுறை தன்னளவில் தவறானது அல்ல. லியோனார்ட் எப்ஸ்டைன் என்ற உளவியல் அறிஞர் பல ஆண்டுகளுக்கு முன்பே குடும்பங்களோடு நேரில் பணியாற்றி வகுத்த முறை அது. அங்கே நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கப் பெற்றோரும் பக்கத்தில் இருந்தார்கள், பயிற்சியாளரும் இருந்தார். அதே முறை எட்டு வயதுப் பிள்ளையின் கைபேசிக்கு மாறியபோது, உண்ணுதல் சார்ந்த மனநோய்களுக்குச் சிகிச்சை தருவோர் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு வேறொரு பிரச்சினையும் வெளியே வந்தது. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோரின் முறையான ஒப்புதல் இல்லாமல் திரட்டியதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022 மார்ச்சில் அந்த வழக்கு முடிந்தபோது 15 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. திரட்டிய தரவுகளோடு, அவற்றைக் கொண்டு உருவாக்கிய கணக்கீட்டு நிரல்களையும் அழிக்கும்படி உத்தரவாயிற்று.

பெற்றோரையே நோக்கிப் பேசும் செயலி எப்படி இருக்கும் என்பதற்குச் சுவீடனில் நடந்த 'மினிஸ்டாப்' ஆய்வுகளைப் பார்க்கலாம். கைபேசிச் செயலி வழியாகக் குழந்தைப் பருவ உடல் பருமனைத் தடுக்க நடந்த சோதனைகளில் நன்கு திட்டமிடப்பட்டவை இவை. முதல் சோதனையில் 315 நான்கு வயதுப் பிள்ளைகளின் குடும்பங்கள் பங்கேற்றன. பாதிப் பேருக்கு ஆறு மாதம் செயலி தரப்பட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு தலைப்பு: காலை உணவு, பழமும் காயும், இனிப்புகள், சாப்பாட்டுக்கு இடையில் குடிக்கும் பானங்கள், உறக்கம், விசேஷ நாள்களில் சாப்பாடு என்று மொத்தம் பன்னிரண்டு. பிள்ளை எவ்வளவு காய்கறி சாப்பிட்டது, எவ்வளவு இனிப்புப் பானம் குடித்தது, எவ்வளவு நேரம் திரையின் முன் இருந்தது என்று பெற்றோர் பதிவார்கள். அவர்களுக்கே பதில் வரும். பிள்ளைக்கு அங்கே வேலையே இல்லை. முடிவு என்ன? உடல் கொழுப்பின் அளவில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. உணவு, பானம், அசைவு ஆகிய பழக்கங்களைச் சேர்த்துப் போட்ட மதிப்பெண்ணில் செயலிக் குடும்பங்கள் முன்னேறியிருந்தன. கொழுப்பு அதிகமாக இருந்த பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

சுவீடன் ஆய்வாளர்கள் அதோடு விட்டுவிடவில்லை. செயலியைத் தனியாக விடாமல் குழந்தை நல மையங்களோடு இணைத்தார்கள். இரண்டரை, மூன்று வயதில் வழக்கமான பரிசோதனைக்கு வரும் பெற்றோருக்குச் செவிலியரே செயலியை அறிமுகம் செய்தார். சுவீடிஷ் மொழியோடு, குடியேறி வந்த குடும்பங்களுக்காக ஆங்கிலம், அரபு, சோமாலி மொழிகளிலும் அதை அமைத்தார்கள். 19 மையங்களில் 552 குடும்பங்கள் பங்கேற்ற இந்த இரண்டாவது சோதனையின் முடிவுகள் 2023-இல் வந்தன. செயலிக் குடும்பங்களில் பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 7 கிராம் இனிப்பு, கார நொறுக்குத் தீனியும், ஏறத்தாழ 30 கிராம் இனிப்புப் பானமும் குறைவாக உட்கொண்டார்கள். திரை நேரம் 7 நிமிடம் குறைந்தது. நல்ல பழக்கங்களைப் பிள்ளைக்கு ஏற்படுத்த முடியும் என்ற பெற்றோரின் தன்னம்பிக்கை கூடியது. பிஎம்ஐ மட்டும் இம்முறையும் மாறவில்லை. இந்த முடிவுகளை உள்ளபடியே உங்கள் முன் வைக்கிறேன். செயலி மாயம் செய்யும் என்று விற்பவர்களை நம்பாதீர்கள். எதற்கும் உதவாது என்று ஒதுக்கிவிடவும் செய்யாதீர்கள். கடைக்குப் போகும் கையையும் பரிமாறும் கையையும் அது கொஞ்சம் திருப்புகிறது. அதைத்தான் அதனிடம் எதிர்பார்க்க வேண்டும்.

நம் வீடுகளுக்கு இதை எப்படிப் பொருத்துவது? கலோரிக் கணக்கில் தொடங்காதீர்கள். நாம் சாப்பிடும் இட்லிக்கும் சாம்பாருக்கும் பட்டைக்குறி (பார்கோடு) கிடையாது. தோசைக்கல்லில் விட்ட எண்ணெய்க்கும் சட்னியில் விழுந்த தேங்காய்க்கும் எந்தச் செயலியும் துல்லியமாகக் கணக்குச் சொல்ல முடியாது. கடையில் வாங்கும் பொட்டலங்களை எளிதாகக் கணக்கிடலாம். பிள்ளை பள்ளிக்கு எடுத்துப்போகும் 200 மில்லி மாம்பழப் பான அட்டைப்பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். 100 மில்லிக்கு 12 கிராம் சர்க்கரை என்று இருந்தால், பெட்டி முழுவதிலும் 24 கிராம். அதாவது ஆறு தேக்கரண்டி. 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,360 கிலோகலோரி தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அதில் சேர்க்கப்பட்ட சர்க்கரை பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஐந்துக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்குப் போட்டால் உச்ச வரம்பு 34 கிராம். நல்ல வரம்பு 17 கிராம். ஒரே பெட்டி நல்ல வரம்பைத் தாண்டிவிடுகிறது. பாலில் கலக்கும் மால்ட் பொடி, மாலை பிஸ்கட், பாராட்டுக்காக வாங்கித்தரும் சாக்லேட் எல்லாம் அதற்கு மேல். இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை 2016 ஜனவரியில் வெளியிட்ட 'சுகர் ஸ்மார்ட்' செயலி செய்ததும் இதைத்தான்: பொட்டலத்தின் பட்டைக்குறியைக் காட்டினால், உள்ளே எத்தனை சர்க்கரைக் கட்டி என்று அது பெற்றோருக்குப் படம் போட்டுக் காட்டியது.

உங்கள் செயலியில் வாரம் ஒன்றுக்கு நான்கே நான்கைக் குறித்து வந்தால் போதும் என்பேன். இனிப்புப் பானமும் பொட்டலத் தீனியும் வீட்டுக்குள் எத்தனை முறை வந்தன? எத்தனை வேளை பிள்ளை கைபேசியையோ டிவியையோ பார்த்தபடி சாப்பிட்டது? எத்தனை நாள் ஒரு மணி நேரம் ஓடி விளையாடியது? எத்தனை மணிக்குத் தூங்கியது? ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும் அளவு உடல் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் உறக்க மருத்துவர்கள். டியூஷன் முடித்து எட்டு மணிக்கு வீடு திரும்பி, வீட்டுப்பாடம் எழுதி, பதினோரு மணிக்குப் படுத்து, ஆறு மணிக்கு எழும் பிள்ளைக்கு இரண்டுமே கிடைப்பதில்லை. இந்த நான்கும் உங்கள் முடிவுகள். பிள்ளையை எடை மேடையில் ஏற்றாமலேயே இவற்றைக் குறிக்கலாம், மாற்றலாம்.

இதற்கு நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்புகள் எனக்குப் புரிகின்றன. பிஎம்ஐ குறையவில்லை என்றால் செயலியால் என்ன பயன் என்பது முதல் கேள்வி. சுவீடன் பிள்ளைகளில் பெரும்பாலோர் இயல்பான எடையில் இருந்தவர்கள். ஆறு மாதத்தில் அவர்கள் எடை குறைய வேண்டிய தேவையே இல்லை. தடுப்பு முயற்சியின் பயன் பல ஆண்டுகள் கழித்தே தெரியும். பழக்கம் மாறிய பிறகும் ஓராண்டில் பலன் கரைந்தது என்பதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், ஆறு மாதத்தோடு நிறுத்தக் கூடாது என்பதுதான். இரண்டாவது கேள்வி, பிள்ளை பொறுப்பைக் கற்க வேண்டாமா என்பது. கற்க வேண்டும். காய் நறுக்கவும், சந்தையில் கீரை பார்த்து வாங்கவும், பசி அடங்கியதும் போதும் என்று சொல்லவும் கற்கட்டும். 'இன்னும் ஒரு வாய்' என்று திணிப்பதை நாம் நிறுத்தினாலே அந்தக் கடைசிப் பாடத்தைப் பாதி கற்றுவிடும். பதின்ம வயதில், மருத்துவரின் துணையோடு, பிள்ளை தானே விரும்பினால் சில அளவுகளைக் குறித்துக்கொள்ளலாம். எட்டு வயதில் கலோரி எண்ணுவது பொறுப்பைக் கற்பிக்காது, சோற்றைக் கண்டு அஞ்சவே கற்பிக்கும். மூன்றாவது, கைபேசியே நோய்க்குக் காரணம், அதையே மருந்தாக்குவதா என்பது. நியாயமான கேள்வி. செயலி பெற்றோரின் கைபேசியில் மட்டும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது மறுப்பு கனமானது: எல்லாப் பழியையும் பெற்றோர் தலையில், அதிலும் தாயின் தலையில் கட்டுவது சரியா? சரியில்லை. 2025-இல் 'லான்செட்'டில் வெளியான 'டாப்சைல்டு' என்ற பெரும் தொகுப்பாய்வு, 10 நாடுகளில் நடந்த 17 சோதனைகளில் 9,128 குழந்தைகளின் தரவுகளைப் பார்த்தது. குழந்தை பிறந்த காலத்தை ஒட்டிப் பெற்றோருக்கு மட்டும் தரும் பயிற்சிகள், இரண்டு வயதில் பிள்ளையின் பிஎம்ஐ-யை மாற்றவில்லை என்பது அதன் முடிவு. கடையும் விளம்பரமும் விலையும் ஒரு பக்கம் இழுக்கும்போது பெற்றோரின் முயற்சி மட்டும் போதாது. பிரிட்டன் 2018-இல் இனிப்புப் பானங்களின் மேல் தனி வரி போட்டது. அதன் பின் 10, 11 வயதுச் சிறுமிகளிடையே உடல் பருமன், வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 8 சதவீதம் குறைந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாற்றியமைக்கப்பட்டபோது காற்றடைத்த குளிர்பானங்களுக்கு 40 சதவீதம் என்று ஆயிற்று. பிஸ்கட், சாக்லேட், பொட்டல மிக்சர், பழக்கூழ் பானங்கள் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கின. பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவுகளை விற்கக் கூடாது என்று 2020-இல் வந்த விதி, பள்ளி வாசல் கடைகளில் எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பதைப் பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது நீங்களே பார்க்கிறீர்கள். 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளை, உணவில் உள்ள சர்க்கரையைப் பற்றி எடுத்துச்சொல்லும் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது நல்ல தொடக்கம். வீட்டில் அப்பாவும், தாத்தா பாட்டியும், அதே செயலியில் தங்கள் பங்கைக் குறிக்கட்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் சிற்றுண்டிச் சாலையைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். வீட்டை மாற்றுவதும் அரசையும் சந்தையையும் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரல்ல.

ஒரு செயலியை இறக்கும் முன் நான்கைச் சரிபாருங்கள். அது யாரிடம் பேசுகிறது, உங்களிடமா பிள்ளையிடமா? எந்த வரைபடத்தை வைத்து எடையை மதிப்பிடுகிறது? யார் பணத்தில் நடக்கிறது? சத்துப்பொடியோ எடைக் குறைப்புத் திட்டமோ விற்பவர்கள் பின்னால் இருக்கிறார்களா? பிள்ளையின் பெயர், பிறந்த நாள், எடை, படம் எங்கே போகின்றன? 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் முழு வீச்சில் இயங்கும் வரை, தேவையில்லாத கட்டங்களை நிரப்பாமல் விடுவது உங்கள் கையில் இருக்கும் பாதுகாப்பு.

செயலியின் எல்லையையும் மறக்க வேண்டாம். ஏற்கெனவே உடல் பருமன் வந்துவிட்ட பிள்ளைக்கு மருத்துவர் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் 2023 வழிகாட்டி, 3 முதல் 12 மாதங்களுக்குள் குறைந்தது 26 மணி நேரம் குடும்பத்தோடு நேரில் அமர்ந்து தரும் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது; அந்த நேரத்தைக் கைபேசி ஈடுகட்ட முடியாது. பிள்ளையின் பின் கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தால் அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். இரவில் சத்தமாகக் குறட்டை, மூச்சுத் திணறி விழிப்பது, மூட்டு வலி, பள்ளியில் கேலிக்கு ஆளாகி முடங்குவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் செயலியை ஒதுக்கி வைத்துவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

பெற்றோரே, உங்களிடம் கேட்பது இதுதான். பிள்ளையின் கைபேசியிலோ, பிள்ளைக்கென்று ஒதுக்கிய டேப்லெட்டிலோ எடை, கலோரி செயலி எதுவும் இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். வேண்டுமானால் ஒன்றை உங்கள் கைபேசியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் வரும் பொருள்களையும், சாப்பாட்டு நேரத்துத் திரையையும், விளையாட்டையும், தூக்கத்தையும் குறியுங்கள். ஆறு மாதத்தில் நிறுத்திவிடாதீர்கள். பிள்ளையிடம் எடையைப் பற்றிப் பேசாதீர்கள். பிள்ளையோடு உட்கார்ந்து, கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் நலம் விரும்பும் ஒருவர்